பத்துக்குள் வர வேண்டும்: ஜின்ஹுவா சிறுவனின் வழக்கு

செஜியாங் மாகாணத்தின் நடுவில் இருக்கிற ஜின்ஹுவா, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடைக்குச் சீனா முழுக்கப் பேர்போன ஊர். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஜனவரி 17, திங்கட்கிழமை. பள்ளியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த ஒரு பையன், சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் டிவி பார்க்கலாம் என்று உட்கார்ந்தான். அம்மா பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பருவத் தேர்வில் முதல் பத்து இடத்துக்குள் வர வேண்டும் என்று மறுபடியும் நினைவுபடுத்தினார். அது கஷ்டம், என்னால் முடியாது என்றான் பையன். பேச்சு வாக்குவாதமாக முற்றியது. பள்ளிக்குக் கிளம்பிக் கதவருகே வந்தவன், செருப்பு அலமாரியின் மேல் கிடந்த மரப்பிடிச் சுத்தியலைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பின்னாலிருந்து அம்மாவின் தலையில் அடித்தான். அம்மா இறந்துவிட்டார்.

அவனுக்கு அப்போது 17 வயது. மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அதாவது நம் கணக்கில் பதினோராம் வகுப்பு. சீனச் செய்தித்தாள்கள் அன்று அவன் பெயரை வெளியிட்டன, நான் எழுதப்போவதில்லை. திட்டமிட்ட கொலை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் வேண்டுமென்றே செய்த கொலை என்ற பிரிவில் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அதே ஆண்டு 15 வருடச் சிறைத் தண்டனை விதித்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சீனாவில் மரண தண்டனை இல்லை. மற்ற தண்டனையையும் குறைத்தே கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆசிரியர்களைக் கேட்டார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். சிறார் குற்றம் என்றால் கெட்ட சகவாசம், ஊர் சுற்றல், சிகரெட், திருட்டு என்று ஒரு வரிசை நம் மனதில் இருக்கிறது. இவனிடம் அதில் எதுவும் இல்லை. இவனிடம் இருந்தது அழுத்தம். அது எந்த வகை அழுத்தம், எவ்வளவு நாள் ஏறியது, ஏன் அது இப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அந்த வீடு

அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். அம்மா ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தில் ஊழியர். வீட்டைப் பார்ப்பதும் பையனைப் பார்ப்பதும் அவர் ஒருவர் பொறுப்பு. ஒரே பிள்ளை. 1980களின் தொடக்கத்தில் நகரத்தில் பிறந்த சீனக் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படித்தான். ஒரு குழந்தைக் கொள்கை அப்போது கறாராக அமலில் இருந்தது. இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டிய கனவு ஒரே தலையில் இறங்கியது.

இந்தப் பெற்றோர் தலைமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நின்றுபோனது. 1977இல்தான் திரும்ப வந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர்களில் பலருக்குப் படிப்பு கையில் எட்டி நழுவிய ஒன்று. தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்காவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பை அவர்களிடம் நிறையப் பார்க்கலாம். சீனத்தில் 'மகன் டிராகன் ஆக வேண்டும்', அதாவது பெரிய ஆளாக வேண்டும், என்றொரு சொலவடை உண்டு. அதன் கூடவே வருவது 'இரும்பு எஃகாகவில்லையே' என்ற ஆற்றாமை. அப்புறம் மூன்றாவதாக ஒன்று, 'அடிப்பது நெருக்கம், திட்டுவது அன்பு'. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாமும் சொல்லித்தானே வளர்க்கிறோம்? அந்த அம்மாவை ஒரு கொடுமைக்காரியாக என்னால் பார்க்க முடியவில்லை. தனியாக ஒரு பையனை வளர்த்து, வீட்டில் ஓய்வாக உட்காரும் நேரத்திலும் ஊசியும் நூலுமாக இருந்த பெண் அவர். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பாசம் ஒரே ஒரு எண் வழியாகத்தான் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் துயரம்.

அந்த எண் ரேங்க். பையன் சேர்ந்தது சிறப்பு வகுப்பு, நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்க்கிற வகுப்பு. முதல் ஆண்டின் முதல் பருவத்தில் அவன் கடைசியிலிருந்து இரண்டாவது. அடுத்த பருவத்தில் கஷ்டப்பட்டுப் படித்துப் பத்தாவது இடத்துக்கு வந்துவிட்டான். ஒரே பருவத்தில் ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் ஏறுவது சாதாரணம் இல்லை. அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் பத்து என்பது அன்றிலிருந்து தரையாகிவிட்டது: இனி ஒவ்வொரு தேர்விலும் முதல் பத்துக்குள் இருக்க வேண்டும். 1999 நவம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதில் அம்மாவுக்குத் தெரிந்த ரேங்க் 18.

அன்று அவனுக்கு நல்ல அடி. அதோடு கால்பந்தும் போயிற்று. இனிமேல் பந்து விளையாடப் போனால் காலை உடைத்துவிடுவேன் என்கிற அளவுக்கு அம்மா சொன்னதாகப் பின்னால் வெளிவந்தது. அவனுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு அதுதான். பள்ளி, வீடு, புத்தகம் என்று சுற்றிய அவன் வாழ்க்கையில் காற்று வருவதற்கு இருந்த ஜன்னல் அது.

நவம்பருக்கும் ஜனவரி 17க்கும் நடுவே சுமார் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் அவன் பள்ளிக்கு மட்டம் போடவில்லை, வீட்டைவிட்டு ஓடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடக்கவில்லை.

எந்த அழுத்தம் குற்றமாகிறது?

சீனாவில் கோடிக்கணக்கான பிள்ளைகள் இதே சுமையோடுதான் வளர்கிறார்கள். காவ்காவ் என்று சொல்லப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 2024இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். இவர்களில் அநேகமாக யாரும் சுத்தியலைத் தூக்குவதில்லை. பெரும்பாலானவர்களிடம் அழுத்தம் உள்ளே திரும்புகிறது. தூக்கம் கெடுகிறது, சோர்ந்து போகிறார்கள், சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். ஆகவே படிப்புச் சுமை அதிகம், அதனால் கொலை நடந்தது என்று முடித்துவிட முடியாது. அப்படி எழுதிய கட்டுரைகள் அன்றே நிறைய வந்தன. அவற்றில் எனக்குத் திருப்தி இல்லை.

குற்றவியலில் அழுத்தக் கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதன் பழைய வடிவம் 1938இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சொன்னது: சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அங்கே போகும் வழியை மட்டும் சிலருக்கே திறந்துவைத்தால் மற்றவர்கள் குறுக்கு வழி தேடுவார்கள். 1992இல் ராபர்ட் அக்னியூ அதை வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் கொண்டுவந்தார். அவர் கணக்கில் அழுத்தம் மூன்று விதமாக வரும். விரும்பியது கிடைக்காமல் போவது ஒன்று. கையில் இருந்த நல்லது பறிபோவது இன்னொன்று. வேண்டாத ஒன்று வந்து மேலே விழுவது மூன்றாவது. இந்தப் பையனுக்கு மூன்றும் 1999 நவம்பரின் அந்தப் பெற்றோர் கூட்டத்திலிருந்தே வந்தன. ரேங்க் கிடைக்கவில்லை, பந்து போயிற்று, அடி விழுந்தது.

அக்னியூ பின்னால் இன்னொன்றும் சேர்த்தார். எல்லா அழுத்தமும் குற்றத்தில் போய் முடிவதில்லை. பெரிதாக இருப்பது, அநியாயம் என்று மனதில் படுவது, கட்டுப்படுத்தும் உறவுகளைத் தளர வைப்பது, குற்றத்தின் பக்கம் தள்ளுவது என்று சில தன்மைகள் கூடினால்தான் ஆபத்து. இதில் அநியாயம் என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து படிப்பது சுமைதான். ஆனால் அதைச் சுமக்கும் பிள்ளைக்கு அதில் ஓர் அர்த்தம் தெரிந்தால், களைப்பு வரும், கோபம் வராது. கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தவன் பத்தாவது ஆனது கணக்கில் வரவில்லை, பத்தாவதாக இருந்தவன் பதினெட்டாவது ஆனது மட்டும் கணக்கில் வந்தது என்றால், அது ஒரு பிள்ளை மனதில் சுமையாகப் பதியாது. நியாயம் இல்லை என்றுதான் பதியும். நியாயம் இல்லை என்று தோன்றும்போதுதான் அழுத்தம் கோபமாக மாறுகிறது.

2000களில் சீனப் பள்ளி மாணவர்களிடம் இந்தக் கோட்பாட்டைச் சோதித்த ஆய்வுகள் வந்தன. அவையும் மனித உறவுகளில் வரும் உரசலைத்தான் முன்னே வைத்தன. வீட்டில் பெற்றோரோடு, பள்ளியில் ஆசிரியரோடு, வெளியே சக மாணவரோடு உறவு கெடும்போது கோபமும் ஆற்றாமையும் கூடுகின்றன. அந்த உணர்ச்சிகள் வழியாகத்தான் பிறழ்நடத்தை வருகிறது.

இன்னொரு விஷயம், யாரிடம் சொல்வது என்பது. அப்பா ஊரில் இல்லை. அண்ணன், அக்கா கிடையாது. அழுத்தம் கொடுப்பவரும் ஆறுதல் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள். ஒரே அறையில், ஒரே சாப்பாட்டு மேஜையில். என்னால் முடியாது என்று அவன் அன்று சொன்னது எதிர்ப்பேச்சாக மட்டும் எனக்குக் கேட்கவில்லை. உதவி கேட்பவன் சொல்வதும் அதே வார்த்தைதான்.

சட்டத்தின் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள்

சிறார் குற்றத் தடுப்புச் சட்டம் என்று சீனா தனியாக ஒரு சட்டம் இயற்றியது 1999 ஜூனில். அது அமலுக்கு வந்தது நவம்பர் 1. அந்தப் பெற்றோர் கூட்டம் நடந்த அதே மாதம். அந்தச் சட்டம் தவறான நடத்தை என்று ஒரு பட்டியல் போட்டது: பள்ளிக்கு மட்டம் போடுவது, இரவில் வீட்டுக்கு வராமல் இருப்பது, கத்தி வைத்திருப்பது, அடிதடி, மிரட்டிப் பணம் கேட்பது, திருட்டு, சூதாட்டம். இவற்றைக் கண்டால் பெற்றோரும் பள்ளியும் தடுக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு எழுதிய சட்டம்தான். ஆனால் வாய் திறக்காமல் இரண்டு மாதம் படித்துக்கொண்டிருந்த பையன் அதன் எந்த வரியிலும் வரவில்லை.

அந்தப் பட்டியலில் வந்தவர்கள் கதை என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கலாம். 2002 ஜூன் 16, பெய்ஜிங்கின் ஹைடியன் பகுதி. பல்கலைக்கழகங்கள் நெருக்கமாக இருக்கிற இடம். அங்கே 'லான்ஜிசு' என்ற பெயரில் உரிமம் இல்லாத ஒரு பிரவுசிங் சென்டர். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல், வாசலில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியே வர வழியில்லை. 25 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் மாணவர்கள். தீ வைத்தவர்கள் 13, 14 வயதுப் பையன்கள். கொஞ்ச நாள் முன்னால் அந்த சென்டர் ஊழியர்களோடு தகராறு, அதற்குப் பழிவாங்கல். பெற்றோர் பிரிந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். சட்டத்தின் பட்டியலில் இருந்ததெல்லாம் அவர்களிடம் இருந்தது. பள்ளியில் இல்லை, ராத்திரி வீட்டிலும் இல்லை. தடுக்க வேண்டிய பெற்றோர்தான் இல்லை.

ஜின்ஹுவா பையன் மேல் ஒரு தாயின் கவனம் முழுவதும் குவிந்து கிடந்தது. இந்தப் பிள்ளைகளை யாரும் கவனிக்கவே இல்லை. அழுத்தம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவது சரியா என்று யோசித்தேன். சரிதான் என்று தோன்றுகிறது. அக்னியூ சொன்ன இரண்டாவது வழி, இருந்தது பறிபோவது. அது பெற்றோர் பிரிந்த குழந்தைக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த சென்டரில் ஒரு நாற்காலியும் ஒரு திரையும்தான் மிச்சம் இருந்த இடம். அங்கேயும் விரட்டினார்கள் என்பது பெரியவர்களுக்குச் சின்ன விஷயம்.

விட்டுச்செல்லப்பட்டவர்கள்

கிராமப்புறத்தில் இதே பறிகொடுப்பு இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. நகரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிற பெற்றோர், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். பள்ளி போன்ற உரிமைகளைச் சொந்த ஊரோடு கட்டிவைக்கிற குடும்பப் பதிவு முறை காரணமாக நகரத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது சுலபமில்லை. சீனத்தில் இவர்களை 'விட்டுச்செல்லப்பட்ட குழந்தைகள்' என்கிறார்கள். 2013இல் அகில சீன மகளிர் கூட்டமைப்பின் கணக்கில் இவர்கள் 6 கோடியே 10 லட்சம் பேர். 2016இல் அரசு வரையறையைச் சுருக்கி, பெற்றோர் இருவருமே வெளியூரில் இருக்கிற, அல்லது ஒருவர் வெளியூரில் இருந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத, 16 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எண்ணியது. அப்போதும் 90 லட்சம் பேர்.

2024 மார்ச் 10 அன்று ஹெபெய் மாகாணத்தில், ஹாண்டான் நகரின் ஃபெய்ஷியாங் பகுதியில், 13 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் ஒரு கைவிடப்பட்ட காய்கறிக் குடிலுக்கு அழைத்துப் போய்க் கொன்று புதைத்தார்கள். செல்போனில் அவன் கணக்கில் இருந்த கொஞ்சம் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கொன்றவர்களும் விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகள், செத்தவனும் விட்டுச்செல்லப்பட்ட பிள்ளை. அவனை இழந்த குடும்பத்தை நினைக்கும்போது, அழுத்தம், காரணம், கோட்பாடு என்று பேசுவதற்கே மனம் கூசுகிறது. பெற்றோர் பக்கத்தில் இல்லாத லட்சக்கணக்கான பிள்ளைகள் யாருக்கும் தீங்கு செய்யாமல் வளர்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கொலையை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த நால்வரின் வாழ்க்கையிலும் தினமும் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற அப்பா அம்மா இல்லை. அது மட்டும் தெரிகிறது.

அந்த வழக்கின் தீர்ப்பு 2024 டிசம்பர் 30 அன்று வந்தது. ஒருவனுக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவனுக்கு 12 ஆண்டு, மூன்றாமவனைத் தண்டனைக்குப் பதில் சிறப்புத் திருத்தக் கல்விக்கு அனுப்பினார்கள். 2021 மார்ச்சில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் இல்லையென்றால் இந்த வழக்கே நடந்திருக்காது. அதுவரை 14 வயதுக்குக் கீழே யார்மீதும் குற்ற வழக்கு கிடையாது. கொடூரமான கொலை என்றால், நாட்டின் உச்ச அரசு வழக்குத் தொடுப்பு அமைப்பான உச்ச மக்கள் வழக்குத் தொடுப்பகம் அனுமதித்தால், 12 வயதிலிருந்தே வழக்கு நடத்தலாம் என்று அந்தத் திருத்தம் மாற்றியது.

அரசு எதைத் தொட்டது

மூன்று நிகழ்வுகளுக்கும் பின்னால் வந்த நடவடிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜின்ஹுவாவுக்குப் பிறகு, பிப்ரவரி 1 அன்று அதிபர் ஜியாங் ஜெமின் கல்வி பற்றித் தனியாகவே பேசினார். மாணவர் சுமையைக் குறைக்க வேண்டும் என்றார். சுமை குறைப்பு என்ற சொல் அதற்குப் பிறகும் கல்வி அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. பெய்ஜிங் தீக்குப் பிறகு நகரின் பிரவுசிங் சென்டர்களை எல்லாம் மூடினார்கள்; அந்த ஆண்டு நவம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்களை உள்ளே விடக் கூடாது என்ற தேசிய விதி அமலுக்கு வந்தது. ஹாண்டானில், ஏற்கெனவே குறைத்திருந்த வயது வரம்பைப் பயன்படுத்தித் தண்டித்தார்கள்.

புத்தகப் பை, கணினி, வயது. மூன்றும் வெளியிலிருந்து எண்ணிப் பார்க்கக்கூடியவை. ஓர் அரசால் சுலபமாகத் தொட முடிந்ததும் அவைதான். சுமை குறைப்பு உத்தரவு ஒவ்வொரு முறை வந்தபோதும் பள்ளி கொடுக்காத பாடத்தைப் பெற்றோர் டியூஷனில் வாங்கினார்கள். அந்த டியூஷன் தொழிலைக் கட்டுப்படுத்த 2021 ஜூலையில் 'இரட்டைக் குறைப்பு' என்று இன்னோர் உத்தரவு போட வேண்டியிருந்தது. காவ்காவ் இருக்கும் இடத்திலேயே இருக்கும்போது, பையின் எடையை மட்டும் குறைத்தால் பதற்றம் வேறு இடத்துக்குத்தான் நகரும்.

வீட்டுக்குள் பார்க்கிற முயற்சி மிகவும் தாமதமாகத்தான் வந்தது. 2022 ஜனவரி 1 அன்று குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை வளர்ப்பைக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று விட்டுவிடாமல், பெற்றோருக்கும் கடமை உண்டு, அவர்களுக்கு வழிகாட்டுதல் தரலாம், தேவைப்பட்டால் தர வேண்டும் என்று அது சொல்கிறது. பெற்றோர் குழந்தை மீது குடும்ப வன்முறையில் இறங்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. குற்றம் செய்த பிள்ளையின் பெற்றோருக்குப் பொறுப்பை நினைவுறுத்தி, வழக்குத் தொடுப்பகம் உத்தரவு அனுப்பும் வழக்கமும் இந்தக் காலத்தில்தான் பரவியது. தண்டனையைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித் தொழிற்சாலை விடுதியில் படுத்திருக்கிற அப்பாவுக்கு உத்தரவுக் காகிதம் மட்டும் போனால் போதாது. பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஒரு பள்ளி இடமும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

அதற்குச் சில மாதம் முன்னால், 2021 செப்டம்பர் 1 முதல், சீனக் கல்வி அமைச்சின் புதிய விதி ஒன்று அமலுக்கு வந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணையும் ரேங்கையும் பள்ளிகள் பகிரங்கமாக அறிவிக்கக் கூடாது. அந்தந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரியப்படுத்தலாம். ஜின்ஹுவாவில் அந்த அம்மா போய் உட்கார்ந்த பெற்றோர் கூட்டத்துக்கும் இந்த விதிக்கும் நடுவே ஏறக்குறைய 22 வருடம். அந்தக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் பையன் போன வருடம் இந்நேரம் கடைசியிலிருந்து இரண்டாவது, இப்போது பதினெட்டு, இடையில் அவன் எவ்வளவு உழைத்திருப்பான் என்று பாருங்கள் அம்மா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது.